செத்தால் எவ்வளவு வரும்?

கில்லியன் ஃப்ளின் எழுதிய 'டார்க் பிளேசஸ்' 2009ல் வந்தது. அவருடைய முதல் நாவல் 2006ல், எல்லாருக்கும் தெரிந்த 'கான் கேர்ள்' 2012ல். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கென்னவோ மூன்றிலும் இதுதான் பெரிய நாவல். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டும். கொலைகாரன் யாரென்று தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள், நான் எங்கும் போய்விட மாட்டேன்.

கதை இதுதான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம். அங்கே கின்னக்கீ என்று ஃப்ளின் உண்டாக்கிய ஒரு சிற்றூர். 1985 ஜனவரி 3, விடிவதற்கு முன்பு, டே குடும்பத்தின் பண்ணை வீட்டில் தாயும் இரண்டு பெண் குழந்தைகளும் கொல்லப்படுகிறார்கள். கடைக்குட்டி லிபிக்கு ஏழு வயது. ஜன்னல் வழியாக வெளியேறி, பனியில் ஓடி ஒளிந்துகொள்கிறாள். குளிரில் விறைத்து விரல்கள் சில போய்விடுகின்றன, உயிர் மிஞ்சுகிறது. பதினைந்து வயது அண்ணன் பென்தான் செய்தான் என்று கோர்ட்டில் சாட்சி சொல்கிறாள். அவன் ஆயுள் தண்டனைக்குப் போகிறான். நாவல் தொடங்கும்போது லிபிக்கு முப்பத்தொன்று.

குடும்பத்தை வாரிக்கொடுத்த பெண் என்றதும் நம் கையில் பரிதாபம் தயாராக இருக்கும். லிபி அதை வாங்கிக்கொள்ள மாட்டாள். கொலை நடந்த சமயத்தில் முகம் தெரியாத ஜனங்கள் அனுப்பிய பணம் நிதியாகச் சேர்ந்து, பதினெட்டு வயதில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் அவளிடம் வந்திருக்கிறது. ஒரு வேலைக்கும் போகாமல் உட்கார்ந்து தின்றே தீர்த்திருக்கிறாள். மிச்சம் ஆயிரம் டாலர்கூட இல்லை. கணக்குப் பார்க்கிற ஆளிடம், இனி யாரும் அனுப்ப மாட்டார்களா என்று கேட்கிறாள். இப்போது வேறு பிள்ளைகளுக்கு வேறு துயரங்கள் வந்துவிட்டன, பணமும் அங்கேதான் போகிறது என்கிறார் அவர். அந்தப் பிள்ளைகள் மேல் இவளுக்குப் பொறாமை வருகிறது! போகிற வீட்டிலெல்லாம் சில்லறைச் சாமான்களைத் திருடுகிறாள். யாரையும் அவளுக்குப் பிடிக்காது, தன்னையும் சேர்த்து.

இந்த இடத்தில் என் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும். நான் எல்.ஐ.சி. முகவர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரப்பதி என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில்தான் என் வண்டி ஓடும். அரசாங்கம் கேரளா, பேச்சு தமிழ். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் பார்ப்பது யார் சம்பாதிக்கிறார்கள், யாருக்கு என்ன வயது, யாரை நாமினி போடுவது. அந்தக் கண்ணோடுதான் இந்த நாவலையும் படித்தேன். துப்பறியும் கதை என்று உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தது, பாதிக்கு மேல் கணக்குப் புத்தகமாக மாறிவிட்டது. இதில் வருகிற ஒவ்வொருவரும் அந்த மூன்று சாவுக்கு ஏதோ ஒரு விலை போடுகிறார்கள்.

லிபியைத் தேடி 'கில் கிளப்' என்று ஒரு கூட்டம் வருகிறது. பழைய கொலை வழக்குகளைத் தோண்டி எடுத்து விவாதிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள். பென் நிரபராதி என்பது அவர்கள் கட்சி. லிபிக்கு அந்த வாதம் முக்கியமில்லை. அம்மாவின் கடுதாசி, அக்காவின் நோட்டு என்று குடும்பத்துச் சாமான்களுக்கு அவர்கள் காசு தருவார்கள். ஜெயிலுக்குப் போய் அண்ணனைப் பார்த்துப் பேசினால் அதற்கும் தருவார்கள். அப்படித்தான் விசாரணை தொடங்குகிறது. நியாயம் கேட்டுப் போகவில்லை, கைச்செலவுக்குப் போகிறாள். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஃப்ளின்னுக்கு என் வோட்டு.

இது அமெரிக்கக் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். கோழிக்கோட்டுப் பக்கம் கூடத்தாயியில் 2002க்கும் 2016க்கும் இடையில் ஒரே உறவுக்குள் ஆறு பேர் இறந்தது கொலை என்று 2019 அக்டோபரில் வெளியே வந்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில் மனோரமா பேப்பருக்கு அடிபிடி. 2023ல் அதை வைத்து ஓடிடியில் ஆவணப்படமே வந்துவிட்டது. அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் பக்கம் வெஞ்ஞாறமூட்டில் ஒரே நாளில் ஐந்து பேர் கொல்லப்பட்டு ஒரு தாய் மட்டும் பிழைத்தபோது, அந்த அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று சேனல்கள் தவம் கிடந்தன. நானும் பார்த்தேன். சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

எனக்கு லிபி அந்நியமாகத் தெரியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி. குடும்பத்தோடு மருந்து குடித்த வீட்டில் மிஞ்சியவள். மாமன் வீட்டில் வளர்ந்தாள். டீச்சர்கள் அவளை அடிக்க மாட்டார்கள். மதியச் சோற்றில் முட்டை என்றால் அவள் தட்டில்தான் பெரியது விழும். நாங்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "அன்னைக்கு என்னடி ஆச்சு?" என்போம். தேன்மிட்டாய் கொடுத்தால் சொல்வாள். ஒரு தடவை அம்மா சோற்றில் கலந்தாள், அடுத்த தடவை அப்பா காபியில் கலந்தார். ஒரு தடவை தனக்குக் காய்ச்சல், அதனால் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை நாய்க்குட்டியைத் தேடி வெளியே போயிருந்தாள். எங்களில் ஒருத்தியும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. எங்களுக்கு வேண்டியது கதை, அவளுக்கு வேண்டியது மிட்டாய். பெரியவளானதும் அவளும் லிபி மாதிரி சிடுசிடுவென்றுதான் ஆனாள். கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டாள், பார்த்தால் பேசமாட்டாள். பேசாததில் தப்பும் இல்லை.

நாவலின் கட்டுமானம் லேசுப்பட்டதில்லை. லிபி இப்போது நடப்பதைத் தன் வாயால் சொல்கிறாள். நடுநடுவே 1985 ஜனவரி 2க்குப் போகிறோம், கொலைக்கு முந்தைய நாள். ஒரு அத்தியாயம் பென்னோடு, ஒரு அத்தியாயம் அம்மாவோடு. மணி காலையிலிருந்து ராத்திரிக்கு நகர நகர, அம்மாவும் இரண்டு பெண்களும் சாகப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எனக்கு லிபியின் தேடலைவிட அந்த அம்மாவின் ஒரு நாள்தான் பெரிது. நாலு பிள்ளைகள், விட்டுவிட்டுப் போன குடிகாரப் புருஷன் ரன்னர், அப்பா விட்டுப்போன பண்ணை, அதன்மேல் ஏறிக்கொண்டே போகும் கடன். அன்று காலையில் பண்ணை ஜப்திக்குப் போகும் நிலை. மத்தியானத்தில், மகன் பள்ளிக்கூடத்துச் சின்னப் பெண்களிடம் தப்பாக நடந்தான் என்ற புரளி. இத்தனைக்கும் நடுவே புருஷன்காரன் கைமாற்றுக் கேட்டு வந்து நிற்கிறான்.

அந்தக் கடன் ஃப்ளின் கற்பனையில் பிறந்ததில்லை. 1970களில் தானிய விலை ஏறியபோது, வேலியோரம் வரைக்கும் உழுது விதையுங்கள் என்று அரசாங்கமே விவசாயிகளைத் தள்ளியது. வங்கிகள் தேடி வந்து கடன் கொடுத்தன. பத்து வருஷத்துக்குள் வட்டி விகிதம் எகிறியது. 1980ல் சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்கத் தடை வந்தது. நிலத்தின் விலை சரிந்தது. அடமானம் வைத்த நிலத்தை விற்றாலும் கடன் அடையாத நிலை. 1985 டிசம்பரில் அயோவாவில் ஒரு விவசாயி தன் மனைவியையும் வங்கித் தலைவரையும் பக்கத்து நிலத்துக்காரரையும் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். நாவலின் கொலை நடப்பதும் அதே வருஷம்.

பாலக்காட்டுச் சித்தூரின் கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேரளா என்றால் மழை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். மலைக்குப் பின்னால் மழை மறைந்த பிரதேசம், கரிசல் மண். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பது 1970ல் போட்ட ஒப்பந்தம். தண்ணீர் பிந்தினால் போர்வெல். போர்வெல் என்றால் கடன். கூட்டுறவு வங்கியில் முடிந்தவரை வாங்கிவிட்டு, பிறகு பிளேடுக்காரன், அதாவது கந்துவட்டிக்காரன். 2014ல் 'ஆபரேஷன் குபேரா' என்று கேரள போலீஸ் கந்துவட்டிக்காரர்களை வளைத்துப் பிடித்தது. கொஞ்ச நாள் வசூல் பைக்குகள் வரவில்லை, அப்புறம் வந்தன.

வடகரப்பதிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர். பிரீமியம் வாங்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து பாலிசிப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஏனுங்கக்கா, நா போய்ச் சேந்தா இது எவ்வளவு வருமுங்க?" என்றார். தொகையைச் சொன்னேன். அது எல்லாரும் கேட்பதுதான். கொஞ்சம் பொறுத்து, "எப்படிப் போனாலும் வருமுங்களா?" என்றார். அது எல்லாரும் கேட்பதில்லை. உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

விதி எனக்கு மனப்பாடம். பாலிசி எடுத்த ஒரு வருஷத்துக்குள் தற்கொலை என்றால் கட்டிய பிரீமியத்தில் 80 சதவீதம்தான். மூன்று வருஷத்துக்குள் எப்படி இறந்தாலும் 'ஏர்லி கிளெய்ம்', ஆள் வந்து விசாரிப்பார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருஷம் தாண்டிவிட்டால் பாலிசியின் செல்லுபடியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. ஒன்றையும் அவரிடம் சொல்லவில்லை. "அக்கா, நீங்களும் வந்து உக்காருங்க" என்று அவர் மனைவியைக் கூப்பிட்டேன். பாலிசியின் மேலேயே லோன் எடுக்கலாம், வட்டி குறைவு, பிளேடுக்காரனை முதலில் கழற்றிவிடுங்கள் என்று ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த அக்கா கணக்கைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது எனக்குக் கை நடுங்கியது.

ஃப்ளின்னின் நாவலில் வரும் அம்மாவும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறாள், பதில் சொல்கிற ஆள்தான் வேறு. கடனில் மூழ்கிய விவசாயிகளைத் தேடிப் போய், சம்மதம் வாங்கிக்கொண்டு, காசுக்குக் கொன்று கொடுக்கிற ஒருவன். தற்கொலை என்றால் பணத்துக்குச் சிக்கல், கொலை என்றால் பிள்ளைகளுக்கு இன்ஷூரன்ஸ் வரும். ராத்திரி வா, பிள்ளைகள் தூங்கும்போது முடித்துவிடு என்று ஏற்பாடு. ஆனால் ஒரு மகள் டெபி முழித்துக்கொண்டு பார்த்துவிடுகிறாள். அவளையும் கொல்கிறான். அதே ராத்திரி, அதே வீட்டின் இன்னொரு அறையில், பென்னின் காதலி டியோண்ட்ரா மற்ற மகள் மிஷெலின் கழுத்தை நெரிக்கிறாள். டியோண்ட்ரா கர்ப்பம் என்ற ரகசியத்தை அந்தச் சிறுமி வெளியே சொல்லிவிடுவாள் என்ற பயம். பென் யாரையும் கொல்லவில்லை. தன் குழந்தையைச் சுமப்பவளைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு உள்ளே போனவன்.

முகவர் என்ற முறையில் எனக்கு மறக்காத ஒன்று உண்டு. ஃப்ளின்னுக்கு முன்பே கான்சாஸுக்கு ஒரு குடும்பக் கொலை இருக்கிறது, நிஜமாக நடந்தது. 1959 நவம்பரில் ஹோல்கம் என்ற ஊரில் கிளட்டர் குடும்பத்தில் நாலு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வீட்டில் பெட்டி நிறையப் பணம் இருக்கிறது என்று வந்தவர்களுக்கு ஐம்பது டாலர்கூடத் தேறவில்லை. கொலை நடந்த ராத்திரிக்கு முந்தைய சாயங்காலம்தான் குடும்பத் தலைவர் 40,000 டாலருக்கு ஆயுள் காப்பீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார், விபத்து மரணம் என்றால் இரட்டிப்பு. காசோலை முகவரின் கையிலேயே இருந்தது, வங்கியில் போடக்கூட நேரமில்லை. ஆனாலும் கம்பெனி பணத்தைக் கொடுத்தது. அந்த வீட்டின் மூத்த பெண்கள் இருவர் வேறு ஊரில் இருந்ததால் தப்பினார்கள். கொலைகாரர்களைப் பற்றி உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் பேசிவிட்டது, அந்தப் பெண்களின் வாழ்க்கையை அதிகம் பேர் கேட்டதில்லை. லிபியை நடுவில் உட்கார வைத்து ஃப்ளின் செய்திருப்பது அதற்கு நேர் எதிர்.

ஏழு வயதுச் சாட்சிக்கு வருகிறேன். லிபி எதையும் கண்ணால் பார்க்கவில்லை. சத்தம் கேட்டாள், ஓடினாள். மீதியை மனநல மருத்துவரும் அரசுத் தரப்பும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் வைத்தார்கள். நல்ல பெண், தைரியமான பெண் என்று தட்டிக்கொடுத்தார்கள். அவளும் சொன்னாள். என்னோடு படித்தவளின் தேன்மிட்டாய் ஞாபகம் வந்தது எனக்கு.

அதற்காகக் குழந்தை சொன்னாலே பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நம் நாட்டுச் சட்டத்தில் சாட்சிக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 118ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 124. கேள்வி புரிந்து ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்தால் போதும். மத்தியப் பிரதேசத்தில் 2003ல் ஒரு பெண் கொல்லப்பட்ட வழக்கில், அப்பாதான் செய்தார் என்று சொன்னது ஏழு வயது மகள். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழந்தையின் சாட்சியை ஏற்று மறுபடி தண்டித்தது. சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த சாட்சியா, சுயமாகச் சொல்கிற சாட்சியா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கும் அந்தத் தீர்ப்பு வழி சொல்கிறது. ஃப்ளின்னின் கோர்ட்டில் அப்படிப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

காரணம், அது அமெரிக்காவில் சாத்தான் பீதி, அதாவது சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் குழந்தைகளைச் சீரழிக்கிறார்கள் என்ற பயம், தலைவிரித்தாடிய காலம். முடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, உரத்த சங்கீதம் கேட்டால் அந்தப் பையன் சாத்தானைக் கும்பிடுகிறான் என்று அர்த்தம். கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1983ல் தொடங்கி 1990ல் முடிந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை விசாரித்தும் ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஆர்கன்சாவில் 1993ல் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் மூன்று இளைஞர்கள் உள்ளே போய், 2011ல்தான் வெளியே வந்தார்கள். பென் அந்த வரிசையில் நிற்கிறவன். ஒரு சிறுமி அளந்த கதை ஒரே பகலில் ஊர் முழுக்கப் பரவி அவனை முடித்துவிடுகிறது. அந்த அத்தியாயங்களில் ஃப்ளின் ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ராத்திரி ஒரே வீட்டுக்கு இரண்டு கொலைகாரர்கள் என்பதை எங்கள் ஊர்ப் போலீஸ்காரரிடம் சொன்னால் சிரிப்பார். நாவலாசிரியரே கடைசி ஐம்பது பக்கத்தில் மூச்சு வாங்குவது தெரிகிறது. இருபத்து நாலு வருஷம் பென் வாயைத் திறக்காததற்குக் காதலும் குழந்தையும் காரணம் என்றால் பாதிதான் நம்புவேன். நான் விரும்பி நம்புவது நாவலில் லேசாகத் தெரியும் இன்னொரு காரணத்தை: ராத்திரி முழுக்க அவன் எதையும் தடுக்கவில்லை, அந்த வெட்கம். கில் கிளப் ஆட்களில் பாதிப் பேரை வெட்டி எறிந்திருக்கலாம். ரன்னரைக் கொஞ்சம் மனுஷனாகக் காட்டியிருக்கலாம், குடிகாரன் என்றால் இருபத்து நாலு மணி நேரமும் அயோக்கியன்தான் என்று எழுதுவது சுலபம். 2015ல் சார்லிஸ் தெரோன் நடித்துப் படமாக வந்தது, நேரம் இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் நஷ்டம் இல்லை. லிபியின் மனசுக்குள் ஓடும் விஷம்தான் இந்தப் புத்தகம், அதைக் கேமராவால் பிடிக்க முடியவில்லை.

யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டால், கடன் தொல்லையில் இருப்பவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். அந்த அம்மாவின் கடைசி அத்தியாயங்கள் அவ்வளவு நியாயமாகத் தோன்றும்படி எழுதப்பட்டிருக்கின்றன, அதுதான் ஆபத்து. மற்றவர்கள் தாராளமாகப் படிக்கலாம். என் பிரதி இப்போது தம்பி மனைவியிடம் இருக்கிறது. பாதி தாண்டிவிட்டாள். "அண்ணி, சத்தியமா அப்பன்காரன்தான் செஞ்சிருக்கான்" என்று தினமும் போன் பண்ணுகிறாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.